சமநிலை இணைப்பும் சமநிலையற்ற இணைப்பும்: வீட்டு ஒலிக்கருவிகளின் வரலாறு

ஒலிக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள் இருவகைப்படும். ஒன்று சமநிலை இணைப்பு. மற்றொன்று சமநிலையற்ற இணைப்பு. கடைக்காரர்களும் ஒலிப்பதிவாளர்களும் இவற்றைப் 'பேலன்ஸ்டு', 'அன்பேலன்ஸ்டு' என்றே சொல்வர். முன்னது தொலைபேசி, வானொலி, ஒலிப்பதிவுக் கூடம், மேடை ஆகியவற்றுக்கு உரியது. பின்னது வீட்டு வானொலிப் பெட்டி, டேப் ரிக்கார்டர், சி.டி. பிளேயர், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு உரியது. பல்லாண்டுகள் தனித்தனியே வளர்ந்த இவ்விரு மரபுகளும் வீடே ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய காலத்தில் ஒரே மேசையில் சந்தித்தன. அச்சந்திப்பில் பிறந்ததே பல வீடுகளில் கேட்கும் 'ஹம்' என்னும் உறுமல் ஒலி. அதைப் போக்கச் சிலர் கையாளும் ஒரு குறுக்குவழி உயிருக்கே ஆபத்தானது. இணைப்பு முறைகளின் வரலாற்றை அறிந்தால் அந்த உறுமலின் காரணமும் அதற்கான சரியான தீர்வும் ஒருங்கே விளங்கும்.

செயல்படும் விதம்

சமநிலையற்ற இணைப்பில் இரண்டு கடத்திகள் உண்டு. நடுவிலுள்ள கம்பி ஒலிச் சிக்னலைக் கொண்டு செல்கிறது. அதைச் சுற்றியுள்ள பின்னல் உறையான ஷீல்டு, சிக்னல் திரும்பும் வழியாகவும் இரு கருவிகளின் எர்த்தை இணைக்கும் பாலமாகவும் இருக்கிறது. ஒரே கடத்தி இரண்டு வேலைகளைச் செய்வதே இம்முறையின் சிக்கனம். அதுவே அதன் குறைபாடும் ஆகும்.

இரு கருவிகளின் உலோகப் பெட்டிகளும் எப்போதும் துல்லியமாக ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அவற்றுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தாலும் ஷீல்டு வழியே மின்னோட்டம் பாயும். ஷீல்டின் தடையால் அங்கு உண்டாகும் மின்னழுத்தம் சிக்னலோடு கூடிவிடும். எடுத்துக்காட்டாக, வீட்டுக்கருவிகளின் வழக்கமான சிக்னல் அளவு 0.316 வோல்ட். அதனுடன் 1 மில்லிவோல்ட் உறுமல் சேர்ந்தால் அது இசையைவிட 50 டெசிபெல் மட்டுமே தாழ்ந்து நிற்கும். பாட்டு ஓங்கி ஒலிக்கும்போது அது தெரியாது. தம்புராவோடு ஆலாபனை தொடங்கும்போது தெளிவாகக் கேட்கும். இந்தியாவின் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. ஆகவே உறுமல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் எழுகிறது.

சமநிலை இணைப்பில் மூன்று கடத்திகள் உண்டு. சிக்னலுக்கு இரண்டு கம்பிகள். அவற்றைச் சுற்றி ஒரு ஷீல்டு. சிக்னலைப் பெறும் கருவி இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறுவதால் கழித்தலில் நீங்கிவிடுகிறது. இக்கழித்தல் 60 டெசிபெல் திறனுடன் நடந்தால் 1 மில்லிவோல்ட் இரைச்சல் ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 1 மைக்ரோவோல்ட்டாகக் குறையும்.

இரு கம்பிகளிலும் எதிரெதிரான சிக்னல் செல்வதே சமநிலை என்று பரவலாக எழுதப்படுகிறது. அது முழு உண்மையன்று. இரு கம்பிகளும் எர்த்தைப் பொறுத்துச் சமமான மின்மறிப்பு கொண்டிருப்பதே சமநிலையின் இலக்கணம். தராசின் இரு தட்டுகளும் சம எடையோடு இருந்தால் இரண்டிலும் விழும் தூசி முள்ளை அசைக்காது. அதுபோன்றதே இது. தட்டுகளின் எடை வேறுபட்டால் கழித்தல் பிசகி இரைச்சல் எஞ்சும்.

ஒற்றைக் கம்பியும் பூமியும்

இவ்விரு முறைகளின் தோற்றத்தைத் தந்தியிலிருந்து தொடங்க வேண்டும். மின்சுற்று முழுமை பெறப் போவதற்கு ஒரு கம்பியும் வருவதற்கு ஒரு கம்பியும் தேவை. 1838-இல் செருமானியரான ஸ்டைன்ஹைல், திரும்பும் கம்பிக்குப் பதிலாகப் பூமியையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். இதனால் கம்பியின் செலவு பாதியானது. உலகெங்கும் தந்தித் தடங்கள் ஒற்றைக் கம்பியில் அமைந்தன.

இந்தியாவில் வில்லியம் ஓஷாக்னசி 1839-இல் கல்கத்தாவில் தந்திச் சோதனைகள் செய்தார். 1850-இல் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே சோதனைத் தடம் அமைந்தது. 1850களின் நடுப்பகுதியில் சென்னையும் தந்தியால் பிற நகரங்களோடு இணைந்தது. தந்திக்கு ஒற்றைக் கம்பி போதுமானதாக இருந்தது. புள்ளியும் கோடுமாகத் தட்டும் ஒலியைச் சிறு இரைச்சல் கெடுப்பதில்லை. தந்தி எழுத்தர் உறுமலைக் கேட்கவே இல்லை.

தொலைபேசி கற்பித்த பாடம்

1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககாலத் தொலைபேசிகள் தந்தியின் வழக்கப்படியே ஒற்றைக் கம்பியிலும் பூமி வழியிலும் இயங்கின. ஆனால் காது தந்திப் பொறியைவிட நுண்மையானது. பக்கத்துக் கம்பியில் ஓடும் தந்தியின் தட்டல், வேறொருவரின் உரையாடல், பூமியில் ஓடும் மின்னோட்டம் எல்லாமே தொலைபேசியில் கேட்டன.

இதற்குத் தீர்வாகப் பூமியை விலக்கிவிட்டு இரு கம்பிகளைப் பயன்படுத்தும் முறை வந்தது. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கும் முறைக்குப் பெல் 1881-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். முறுக்கும்போது இரு கம்பிகளும் மாறி மாறி இரைச்சலின் அருகே வருகின்றன. ஆகவே இரண்டிலும் ஏறும் இரைச்சல் சமமாகிறது. கம்பங்களின் மீது செல்லும் திறந்த கம்பிகளை முறுக்க முடியாது. அங்கே குறிப்பிட்ட தூரத்திற்கு ஒருமுறை இரு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டினர். இன்று இணையக் கேபிளுக்குள் காணப்படும் முறுக்கிய இணைக்கம்பிகளும் இதே கொள்கையின் வழிவந்தவை.

அந்தக் காலத்திலேயே இந்தியாவிலும் தொலைபேசி நுழைந்தது. 1882 சனவரி 28 அன்று கல்கத்தாவில் தொலைபேசி நிலையம் முறையாகத் திறக்கப்பட்டது. சென்னையிலும் பம்பாயிலும் அவ்வாண்டே நிலையங்கள் இயங்கின. 1895-இல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னைத் தெருக்களில் ஓடத் தொடங்கியது. டிராமின் மின்னோட்டம் தண்டவாளங்கள் வழியாகத் திரும்பும் நகரங்களில் அதில் ஒரு பகுதி மண்ணில் கசியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இக்கசிவு ஒற்றைக் கம்பித் தொலைபேசிகளில் பெரும் இரைச்சலாக எழுந்து, அவற்றை இரு கம்பி முறைக்கு மாற்றும்படி நிறுவனங்களை நெருக்கியது. பலரும் பங்கிட்டுக்கொள்ளும் பூமியைச் சிக்னலின் வழியாகக் கொள்ளக்கூடாது என்பதே தொலைபேசி கற்பித்த பாடம்.

இதே பாடத்தை இன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழையசீவரத்தில் காணலாம். பாலாற்றங்கரையில் உள்ள இவ்வூர் செங்கல்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதையில் ஒரு நிலையம். இத்தடத்தின் மின்வண்டிகள் 25,000 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. மேலே உள்ள கம்பி வழியே வரும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவும் பூமி வழியாகவும் திரும்புகிறது. இத்தகைய தடத்தை ஒட்டி நீண்ட தூரம் செல்லும் சாதாரணக் கம்பியில் வலுவான தூண்டல் மின்னழுத்தம் எழும். எனவேதான் மின்மயமான பாதைகளில் ரயில்வேயின் பேச்சுத் தொடர்புக்கு முறுக்கிய சமநிலைக் கம்பிகளைக் கொண்ட நிலத்தடிக் கேபிள்கள் பயன்படுகின்றன.

வானொலியும் இசைக் கச்சேரியும்

சமநிலைக் கம்பி தொலைபேசியிலிருந்து இசைக்கு வந்தது வானொலியின் வழியாகத்தான். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி அவ்வாண்டே ஒலிபரப்பைத் தொடங்கியது. பணநெருக்கடியால் அது 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்புப் பணியை ஏற்றது. 1938 சூன் 16 அன்று அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கப்பட்டன.

நிலையத்திற்கு வெளியே நடக்கும் கச்சேரியை ஒலிபரப்ப வேண்டுமானால் மேடையிலுள்ள மைக்கின் ஒலி நிலையம் வரை வந்து சேர வேண்டும். அதற்கு வாடகைக்கு எடுத்த தொலைபேசித் தடங்களே வழி. மார்கழியில் சென்னைச் சபைகளிலிருந்தும், தை மாதத்தில் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையிலிருந்தும் நேரடி ஒலிபரப்புகள் நடந்தன. கிலோமீட்டர் கணக்கில் நீண்ட கம்பியில் நாதசுவரமும் வீணையும் இரைச்சலின்றி வந்து சேர்ந்ததற்குச் சமநிலைக் கம்பியும் அதன் இரு முனைகளிலும் வைத்த டிரான்ஸ்ஃபார்மர்களும் காரணம். டிரான்ஸ்ஃபார்மரில் இரு சுருள்களுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லை. ஒலி காந்தப்புலத்தின் வழியே தாண்டும், எர்த் தாண்டாது.

தொலைபேசி விட்டுச்சென்ற தடயங்கள் ஒலித்துறையில் இன்றும் உள்ளன. 600 ஓம் மின்தடையில் 1 மில்லிவாட் என்னும் தொலைபேசி அளவுகோலிலிருந்து 0.775 வோல்ட் என்ற அடிப்படை அளவு வந்தது. தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான சிக்னல் அளவான 1.228 வோல்ட் அதைவிட 4 டெசிபெல் உயர்ந்தது. தமிழ்நாட்டுக் கடைகளில் 'பி-38' என்று கேட்டு வாங்கும் 6.35 மில்லிமீட்டர் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இயக்குநர்கள் இணைப்பு மாற்றப் பயன்படுத்திய பின்னே ஆகும்.

வீட்டுக்குள் வந்த இணைப்பு

வீட்டு வானொலிப் பெட்டிக்கு இந்த ஏற்பாடுகள் தேவைப்படவில்லை. ஒரே மரப்பெட்டிக்குள் வானொலியும் கிராமபோனும் இருந்தன. அவற்றை இணைக்க ஒரு முழக் கம்பி போதும். 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இதற்காக ஒரு மலிவான பின்னை உருவாக்கியது. நடுவில் ஒரு முனை, சுற்றிலும் ஒரு வளையம். நிறுவனத்தின் பெயரே அதன் பெயராயிற்று. பெட்டிக்குள் ஒளிந்திருந்த இந்தப் பின், கருவிகள் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிந்தபோது பின்பக்கப் பலகைக்கு வந்தது. பெட்டிகள் பிரிந்தபின் அவற்றின் எர்த்துகளும் பிரிந்தன என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. இரு மின்தூண்டல் சுருள்களைக் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரைவிட இரு முனைப் பின் பல மடங்கு மலிவு. வீட்டுச் சந்தையை நிர்ணயித்தது விலைதான்.

ஐரோப்பிய வழிவந்த கருவிகளில் ஐந்து முனைகளைக் கொண்ட வட்டமான டின் இணைப்பி இருந்தது. ஒரே பின்னில் இரு பக்க ஒலியும் போகவும் வரவும் செய்யும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியபின் அதன் டேப் ரிக்கார்டர்களோடு இவ்விணைப்பியும் பரவியது. தமிழ்நாட்டில் இதற்கு 'ஃபைவ் பின்' என்று பெயர்.

கேசட் காலத்தில் தமிழ்நாட்டில் உள்ளூர்த் தொழில்நுட்பர்கள் கையால் செய்து தரும் 'அசெம்பிள் செட்' ஆம்ப்ளிஃபையர்கள் பெருகின. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கி, மரப்பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் பலகையும் பொருத்தி, வீட்டுக்கும் தேநீர்க் கடைக்கும் பேருந்துக்கும் ஏற்ப அமைத்துக் கொடுத்தனர். அந்த ஆம்ப்ளிஃபையர்களில் எந்த இடத்தில் எர்த்தைச் சேர்த்தால் உறுமல் குறையும் என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. சோல்டரிங் கம்பியும் காதுமாக இருந்து கண்டறிந்தனர். எல்லா எர்த் கம்பிகளையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்ப்பது அத்தகைய தொழிலறிவில் ஒன்று.

1982-இல் குறுந்தகடு சந்தைக்கு வந்தது. சி.டி. பிளேயர்கள் 2 வோல்ட் வரை ஒலிச் சிக்னல் தந்தன. இரைச்சல் மிகக் குறைந்த இந்த ஊடகம் வந்தபின்தான் பல வீடுகளில், இதுவரை கேசட்டின் சீறலுக்குள் மறைந்திருந்த உறுமல் வெளிப்பட்டது.

மைக் செட்டும் மூன்று முனைப் பின்னும்

வீடு ஆர்.சி.ஏ. பின்னோடு நின்றபோது மேடை வேறு வழியில் சென்றது. அமெரிக்காவின் கேனன் நிறுவனம் உருவாக்கிய மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பி 1950களிலிருந்து ஒலித்துறையில் பரவியது. பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால் இழுத்தாலும் கழலாது. முதல் முனை ஷீல்டுக்கு. இரண்டாவது, மூன்றாவது முனைகள் சிக்னலுக்கு.

மைக்குக்குத் தேவையான மின்சாரத்தையும் அதே கம்பிகளில் அனுப்பும் 'ஃபேண்டம்' முறை 1966-இல் வந்தது. நார்வே வானொலிக்காக செருமனியின் நொய்மன் நிறுவனம் இதை அமைத்தது. அந்த வானொலியில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்ததால் அதுவே அளவாயிற்று. இன்று உலகெங்கும் 48 வோல்ட்தான். இம்முறையின் பெயரும் தொலைபேசியிலிருந்து வந்ததே. இரண்டு இணைக்கம்பிகளிலிருந்து மூன்றாவது தடம் ஒன்றைப் பெறும் உத்தியைத் தொலைபேசிப் பொறியாளர்கள் 'ஃபேண்டம் தடம்' என்றனர்.

தமிழ்நாட்டில் சமநிலை இணைப்பை மக்கள் நடுவே கொண்டுசென்றது 'மைக் செட்' தொழில். டெல்லியைச் சேர்ந்த அகுஜா நிறுவனம் 1940 முதல் செய்துவரும் ஆம்ப்ளிஃபையர்களும் கூம்பு ஒலிபெருக்கிகளும் ஊர்ப்புறத் திருவிழாக்களில் நிலைத்த இடம் பெற்றன. பொங்கலை ஒட்டிக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வருவதுபோன்ற விழாக்களில் கோயில், ஆற்றங்கரை, சாலை என ஒலி பரவ வேண்டிய இடங்கள் விரிந்து கிடக்கும். மைக்கின் ஒலி சில மில்லிவோல்ட் அளவே. அந்த நலிந்த சிக்னல் நீண்ட கம்பியில், மின்விளக்குத் தோரணங்களுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே சென்றாக வேண்டும். சமநிலைக் கம்பி இல்லாமல் இது இயலாது. ஒலிபெருக்கிகள் பக்கத்தில் 100 வோல்ட் முறையில் டிரான்ஸ்ஃபார்மர்கள் வைத்து மெல்லிய கம்பியிலேயே தொலைதூரம் கொண்டுசெல்வர். தூரம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்னும் வானொலிப் பொறியாளரின் அறிவு இங்கே தொழிலாளியின் வழக்கமாயிற்று.

இரு மரபுகளும் ஒரே வீட்டில்

1990களில் நிலைமை மாறியது. கணினியும் சின்தசைசரும் ஒலிப்பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை உருவானது. வீட்டுக்கும் ஒலிக்கூடத்துக்கும் இடையிலிருந்த சுவர் கரையத் தொடங்கியதன் அடையாளம் இது. பின்னர் விலை குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் வந்தபோது சிற்றூர் வீடுகளிலும் பாடல், ஆன்மிகச் சொற்பொழிவு, பாடம் ஆகியவற்றைப் பதிவு செய்வது வழக்கமாயிற்று.

இத்தகைய வீட்டில் மேடை மரபின் மைக், மிக்சர், மானிட்டர் ஒலிபெருக்கிகள் ஒருபுறம் இருக்கும். வீட்டு மரபின் ஆம்ப்ளிஃபையர், தொலைக்காட்சி, மடிக்கணினி மறுபுறம் இருக்கும். அவற்றோடு தெருக்கம்பத்திலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ கேபிள் டி.வி. கம்பியும் வந்து சேரும். அந்தக் கம்பியின் ஷீல்டு வேறோர் இடத்தின் எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. இரண்டு எர்த்துகள் சந்திக்கும்போது அவற்றுக்கிடையே மின்னோட்டம் சுற்றுகிறது. தொலைக்காட்சியின் ஒலியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்த கணத்தில் எழுந்து, கேபிளைக் கழற்றியதும் நின்றுவிடும் உறுமலுக்குக் காரணம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசியின் பூமிச் சிக்கல் வரவேற்பறைக்கு வந்துவிட்டது எனலாம்.

தொழில்முறைக் கருவிகளும் குற்றமற்றவையாக இல்லை. எக்ஸ்.எல்.ஆர். இணைப்பியின் முதல் முனையைக் கருவியின் உலோகப் பெட்டியோடு சேர்க்காமல், உள்ளே இருக்கும் நுண்சுற்றுகளின் எர்த்தோடு சேர்த்துவிடும் தவறு பல கருவிகளில் இருந்தது. இதனால் ஷீல்டில் ஓடும் இரைச்சல் நேரே சுற்றுக்குள் நுழைந்தது. 1995 சூனில் அமெரிக்க ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் நீல் மன்சி இக்குறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். அதே இதழில் பில் விட்லாக், சமநிலை என்பது மின்மறிப்புகளின் சமமே என்பதை நிறுவினார். 2005-இல் அக்கழகம் முதல் முனையை உலோகப் பெட்டியோடு இணைக்க வேண்டும் என்ற நெறியைத் தரமாக வெளியிட்டது.

இணைக்கும் முறைகள்

வரலாறு தந்த இவ்வறிவைக் கொண்டு இரு மரபுக் கருவிகளையும் இணைக்கும் வழிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

வீட்டுக்கருவியிலிருந்து சமநிலை உள்ளீட்டுக்கு: மடிக்கணினி, சி.டி. பிளேயர் போன்றவற்றை மிக்சரில் இணைக்கும்போது ஷீல்டுக்குள் இரு கம்பிகள் உள்ள மைக் கேபிளைப் பயன்படுத்த வேண்டும். ஆர்.சி.ஏ. பின்னின் நடுமுனையை எக்ஸ்.எல்.ஆர். இரண்டாம் முனையோடும், வெளிவளையத்தை மூன்றாம் முனையோடும் இணைக்க வேண்டும். ஷீல்டை ஒருபுறம் அதே வெளிவளையத்தோடும் மறுபுறம் முதல் முனையோடும் சேர்க்க வேண்டும். இப்போது எர்த் மின்னோட்டம் ஷீல்டில் ஓடும்; சிக்னல் தன் இரு கம்பிகளில் ஓடும். எக்ஸ்.எல்.ஆர். பக்கத்தில் முதல் முனையையும் மூன்றாம் முனையையும் சேர்த்து வைப்பது பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் சமநிலை உள்ளீட்டின் பயன் முழுவதும் போய்விடும்.

சமநிலை வெளியீட்டிலிருந்து வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு: இங்கே வெளியீட்டின் உள்ளமைப்பை அறிய வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வெளியீடானால் மூன்றாம் முனையை எர்த்தோடு சேர்த்தே ஆக வேண்டும். இல்லாவிடில் சுற்று முழுமையாகாது. இரு முனைகளையும் தனித்தனி மின்னணுச் சுற்றுகள் இயக்கும் வெளியீடானால் மூன்றாம் முனையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதை எர்த்தோடு சேர்த்தால் அச்சுற்று ஓயாமல் குறுக்குச்சுற்றில் உழைத்துச் சூடாகும், ஒலியும் சிதையும். எந்த வகை என்பது கருவியோடு வரும் கையேட்டில் இருக்கும். இத்துடன் சிக்னல் அளவும் வேறுபடும். தொழில்முறை அளவான 1.228 வோல்ட், வீட்டு அளவான 0.316 வோல்ட்டைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். அதாவது சுமார் 12 டெசிபெல். வெளியீட்டின் ஒலியளவைக் குறைத்து வைக்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் நுழைவாயிலிலேயே ஒலி உடையும்.

ஒரே தோற்றம், வேறு வேலை: மூன்று பட்டைகள் கொண்ட பி-38 பின் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஹெட்போனில் அது இடது, வலது ஒலிகளைத் தருகிறது. மிக்சரில் அது ஒற்றைச் சமநிலை இணைப்பு. ஹெட்போன் வெளியீட்டை நேராகச் சமநிலை உள்ளீட்டில் செருகினால் உள்ளீடு தன் இயல்புப்படி இடத்திலிருந்து வலத்தைக் கழித்துவிடும். இரு பக்கமும் சமமாகப் பதிவான பாடகரின் குரல் மறைந்து, பின்னணி இசை மட்டும் கேட்கும். கருவி பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட மிக்சர்கள் பலவற்றில் நேர்ந்தது இதுவே.

ஃபேண்டம் மின்சாரம்: மைக் உள்ளீட்டில் வீட்டுக்கருவியை இணைக்கும் முன் 48 வோல்ட் சுவிட்சை அணைக்க வேண்டும். அந்த மின்சாரத்தைத் தாங்க வீட்டுக்கருவிகள் அமைக்கப்படவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர்: மேற்கண்ட எதுவும் பலிக்காதபோது கம்பியின் நடுவே ஒலித் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைப்பதே நம்பகமான வழி. பெறும் கருவிக்கு அருகில் அதை வைக்க வேண்டும். கேபிள் டி.வி.யால் எழும் உறுமலுக்குக் கேபிள் கம்பியிலேயே பொருத்தும் தனிமைப்படுத்தி உண்டு.

வெட்டக்கூடாத முனை

உறுமலைப் போக்கச் சிலர் மின்செருகியின் மூன்றாவது முனையான எர்த் முனையை வெட்டிவிடுகின்றனர், அல்லது அதன் கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். எர்த் சுற்று அறுபடுவதால் உறுமல் உடனே நின்றுவிடும். கை மேல் பலன் கிடைப்பதால் இப்பழக்கம் வாய்வழியாகப் பரவியும் விட்டது.

எர்த் முனையின் வேலை ஒலியோடு தொடர்புடையதன்று. ஆம்ப்ளிஃபையரின் உள்ளே 230 வோல்ட் கம்பி தேய்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்னோட்டத்தை மண்ணுக்குள் இறக்கி, ஃபியூஸை எரியச் செய்வதோ பாதுகாப்புச் சுவிட்சைத் துண்டிப்பதோ அதன் பணி. அம்முனை இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். ஷீல்டு வழியாக அந்த மின்னழுத்தம் மைக்கின் உலோகக் கூட்டுக்கும் கிதாரின் தந்திகளுக்கும் வந்து சேரும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மைக்கைப் பிடிப்பவரின் உடலே எர்த் கம்பியாகிவிடும். நம் நாட்டில் கோயில் மேடைகளிலும் வீடுகளிலும் பாடுவோர் பெரும்பாலும் வெறுங்காலுடன் இருப்பவர்களே என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மைக்கைத் தொடும்போது 'லேசாக ஷாக் அடிக்கிறது' என்று சொல்லப்பட்டால் அதை விளையாட்டாக விடக்கூடாது. இரு முனைச் செருகி கொண்ட அடாப்டர்களின் சிறு கசிவாலும் அது நிகழலாம். எர்த் அறுந்த பெட்டியாலும் நிகழலாம். தொட்டுப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அனைத்துக் கருவிகளையும் ஒரே மின்பலகையிலிருந்து, எர்த் உறுதியாக உள்ள ஒரே இடத்திலிருந்து இயக்குவது பாதுகாப்பும் தரும். எர்த்துகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைப்பதால் உறுமலையும் தணிக்கும்.

முடிவாக

சமநிலையற்ற இணைப்பு தரம் தாழ்ந்தது என்றோ, சமநிலை இணைப்பு ஒலியை இனிமையாக்கும் என்றோ கருதுவது பிழை. ஒரே அலமாரியில், ஒரே மின்பலகையில், ஒரு முழக் கம்பியில் இணையும் கருவிகளுக்கு ஆர்.சி.ஏ. பின்னே போதும், பல்லாண்டுகளாக வீடுகளில் இசை அப்படித்தான் கேட்கப்பட்டு வந்துள்ளது. கம்பி நீளும்போதும், எர்த்துகள் வேறுபடும்போதும், சிக்னல் நலிந்திருக்கும்போதும் சமநிலை தேவைப்படுகிறது. தந்தி பூமியைச் சிக்னலின் வழியாக்கியது. தொலைபேசி பூமியை விலக்கி இரு கம்பிகளைத் தந்தது. வீடு மலிவுக்காகப் பழைய முறைக்குத் திரும்பியது. உறுமல் கேட்கும்போது திருத்த வேண்டியது இரு கருவிகளுக்கும் இடையிலுள்ள கம்பியை. மின்செருகியின் எர்த் முனையை அன்று.